கற்கால அரைகல் செட்: கல் அருமை, கூட வரும் கையேடு சுமார்தான்

மாவு வேண்டும் என்று இதை வாங்க நினைத்தால் வேண்டவே வேண்டாம், மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். பழங்காலத்து மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதில் கொஞ்சம் ஆர்வம் இருக்கிறது, படித்துத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல் முதுகு வலிக்கவும் தயார் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

நான் வாங்கியது பழைய கருவிகளுக்கு நகல் செய்து விற்கும் ஒரு பட்டறையின் ‘புதிய கற்கால அரைகல்’ செட் (புதிய கற்காலம் என்றால் மனிதர்கள் விவசாயம் செய்யத் தொடங்கிய, உலோகம் வராத காலம்). பெட்டிக்குள் நான்கு பொருள்கள்: ஒரு கீழ்க்கல், இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளும் மேல்கல், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கொத்துகல், அப்புறம் ஒரு கையேடு. கீழ்க்கல் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், எடை சுமார் 18 கிலோ. அம்மி மாதிரி தட்டையாக இல்லாமல் முன்னும் பின்னும் உயர்ந்து நடுவில் குழிந்திருக்கும். தொல்லியலில் இதைச் சேண வடிவ அரைகல் என்பார்கள். மேல்கல் கீழ்க்கல்லின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கை நசுங்காது. கூரியர்காரர் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டு, கல் என்றதும் ஒன்றும் பேசாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் கல்லின் தரம். துளைத்துளையாக இருக்கும் எரிமலைக்கல், அதாவது பசால்ட். இந்தத் தேர்வுக்கே பட்டறைக்காரர்களைப் பாராட்டலாம். மணற்கல்லைச் செதுக்குவது சுலபம், ஆனால் அரைக்க அரைக்க மணல் உதிர்ந்து மாவோடு கலந்துகொண்டே இருக்கும். ஆற்றில் கிடக்கும் வழவழப்பான கல் என்றால் சீக்கிரமே மழுங்கிவிடும். துளையுள்ள எரிமலைக்கல்லில் ஒரு துளையின் விளிம்பு தேய்ந்துபோனால் அதற்கு அடியில் இருக்கும் இன்னொரு துளை திறந்துகொள்ளும், புது விளிம்பு கிடைத்துவிடும். இந்த விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் மாயென் என்ற ஊரைச் சுற்றியிருக்கும் எரிமலைக்கல் குவாரிகளில் ரோமர்கள் வருவதற்கு முன்பிருந்தே அரைகல் வெட்டியிருக்கிறார்கள். ரோமர் காலத்தில் அந்தக் கல் ரைன் ஆற்று வழியாகப் பிரிட்டன் வரைக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு எரிமலைக் குழம்புக்கும் வேதிக் கலவை கொஞ்சம் மாறும் என்பதால், எங்கோ ஒரு பழைய வீட்டின் இடிபாட்டில் கிடைத்த உடைசலைச் சோதித்து அது எந்த மலையிலிருந்து வந்தது என்று பல நேரம் சொல்லிவிட முடிகிறது. பக்கத்திலேயே வேறு கல் கொட்டிக் கிடக்கும்போது இவ்வளவு கனத்தை அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்திருக்கிறார் என்றால், நடுவில் ஒரு வியாபாரமோ கொள்வினை கொடுப்பினையோ இருந்திருக்கத்தான் வேண்டும். அதற்கு எழுத்துச் சான்று ஒன்றுமே இல்லாத காலத்துக்கும் கல் சான்று இருக்கிறது. 18 கிலோவை வாசலிலிருந்து கூடத்துக்கு நகர்த்தும்போது இந்தச் சான்றின் கனம் நன்றாகவே புரிந்தது.

இனி குறை. இவ்வளவு நல்ல கல்லை இயந்திரத்தில் அறுத்து, மேற்பரப்பை வழவழவென்று தேய்த்து அனுப்பியிருக்கிறார்கள். படம் எடுத்துப் போட அழகாக இருக்கும், அரைப்பதற்கு உதவாது. துளைகளுக்கு நடுவில் இருக்கும் இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருப்பதால் கோதுமை மணிகள் மேல்கல்லுக்கு அடியில் சிக்காமல் உருண்டு இரண்டு பக்கமும் ஓடுகின்றன. கையேட்டில் ‘உடனே பயன்படுத்தலாம்’ என்று போட்டிருக்கிறது. உடனே பயன்படுத்த முடியாது, முதலில் கொத்த வேண்டும்.

கொத்துவதற்கென்று ஒரு கல்லையும் உள்ளே வைத்துவிட்டு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருக்கிறார்கள், இதை என்னவென்று சொல்வது. வாங்குகிறவர்களுக்காக நான் எழுதிவிடுகிறேன். கொத்துகல்லை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அதிர்வு முழங்கை வரை ஏறும். தளரப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து தானாக விழுகிற மாதிரி விட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கறுப்புக் கல்லில் வெளிறிப்போன ஒரு புள்ளி விழும், ஒரு சிட்டிகைத் தூள் எழும்பும். ஒரே இடத்தில் ஆழமாகக் குத்தாமல் புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளியாக வரிசையாக நகர வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. பரப்பு முழுவதும் கொத்தி முடித்த பிறகு கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். அப்புறம் மலிவான தானியம் ஏதாவது போட்டு அரைத்து அதைக் கொட்டிவிடுங்கள். முதல் மாவில் பாதி கல்தான்.

இந்த வேலையைச் செய்த பிறகு அகழாய்வுச் செய்திகளைப் படிக்கும் விதமே மாறிவிடுகிறது. அரைகல் கிடைத்த இடத்தின் பக்கத்தில் உருண்டையாக, எல்லாப் பக்கமும் அடிபட்டுக் காயமான ஒரு கல் கிடைத்தது என்று எழுதியிருப்பார்கள். நானெல்லாம் அதைத் தாண்டிப் போய்விடுவேன். இப்போது தெரிகிறது, அது இல்லாமல் அரைகல்லே இல்லை. அரைத்தால் மழுங்கும், மழுங்கினால் கொத்த வேண்டும், கொத்தினால் கல் கொஞ்சம் மெலியும். ஆகவே ஒரு கல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதே அது எத்தனை காலம் உழைத்தது என்பதற்குக் கணக்கு. ஒரே வீட்டில் பாட்டி, மகள், பேத்தி என்று கைமாறி நடுவில் மட்டும் ஓடாகத் தேய்ந்த கல் ஒரு கதை சொல்லும், இன்னும் நன்றாக இருக்கும்போதே வேண்டுமென்று போட்டு உடைத்த கல் வேறு கதை. துருக்கியின் சட்டல்ஹொயுக் என்ற புதிய கற்கால ஊரில் அப்படி உடைத்த அரைகற்கள் நிறையவே கிடைத்திருக்கின்றன. தேய்ந்து உடைந்ததற்கும் உடைக்கப்பட்டதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஒரு தடவை அதன் மேல் உட்கார்ந்து கொத்திப் பார்க்க வேண்டும். இந்தக் கனமுள்ள கல் தானாக இரண்டாகப் பிளக்காது.

சரி, கொத்திய கல்லில் அரைத்த மாவு எப்படி? ருசி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கழுவினாலும், எவ்வளவு மாவைத் தள்ளிவிட்டாலும், எப்போதாவது ஒரு கடி நறுக்கென்கிறது. வாழ்நாள் முழுக்க இப்படிச் சாப்பிட்டால் பல் என்ன ஆகும் என்பதற்குப் பழைய எலும்புக்கூடுகளே பதில். எகிப்திய மம்மிகளின் பற்கள் பலவற்றில் மேல்பகுதி தட்டையாகத் தேய்ந்து உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழே வெளியே தெரிகிற அளவுக்குப் போயிருக்கிறது. ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஊட்சி மனிதனின் பல்லிலும் நல்ல தேய்மானம், அதற்கு ஒரு காரணம் அரைத்த தானியத்தோடு போன கல்துகள் என்கிறார்கள்.

இந்த இடத்தில் கையேடு ஒரு பழைய கதையை எடுத்துவிடுகிறது: எகிப்தியர்கள் சீக்கிரம் அரைபட வேண்டும் என்று தானியத்தோடு வேண்டுமென்றே மணலைச் சேர்த்தார்களாம். 1970-களில் பழைய எகிப்தியப் பற்களையும் ரொட்டிகளையும் ஆராய்ந்தபோது முன்வைத்த கருத்து அது. பிற்பாடு டெல்வன் சாமுவேல் என்ற தொல்தாவரவியல் ஆய்வாளர் பழைய கல்லின் மாதிரியிலேயே அரைத்துப் பார்த்து, மணல் கிணல் ஒன்றும் தேவையில்லை, வெறும் கல்லிலேயே மாவு நைஸாக வருகிறது என்று காட்டிவிட்டார். என் கல்லிலும் அப்படித்தான் வருகிறது. விற்கிற பட்டறை தன் கல்லில் ஒரு தடவை அரைத்துப் பார்த்திருந்தாலே கையேட்டில் அந்தப் பத்தியை வெட்டியிருப்பார்கள்.

அடுத்தது, இதை எங்கே வைத்து அரைப்பது என்ற விஷயம். ‘வசதியான உயரத்தில் மேசை மேல் வைத்துக்கொள்ளவும்’ என்கிறது கையேடு. மேசையில் வைத்து நின்றபடி அரைக்கலாம், தப்பில்லை. எகிப்திலேயே அமர்னா நகரத்து வீடுகளில் கல்லைத் திண்டு மாதிரி கட்டிய மேடையில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அது சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்பாடு. புதிய கற்காலம் என்று பெட்டியில் எழுதிவிட்டு மேசையில் வைக்கச் சொல்வது பொருந்தவில்லை. அந்தக் காலத்துக் கல் தரையில் இருந்தது, அரைத்தவர் மண்டியிட்டிருந்தார்.

மண்டியிட்டுப் பாருங்கள், அப்போதுதான் இந்தச் செட்டின் உண்மையான பயன் தொடங்குகிறது. முட்டி இரண்டும் தரையில், கால்விரல்கள் முன்பக்கமாக மடங்கித் தரையில் ஊன்றியிருக்கும். மேல்கல்லை முன்னால் தள்ளும்போது உடம்பு முழுக்க முன்னால் சாய்கிறது, தள்ளுவது கையில்லை, இடுப்பும் முதுகும்தான். எட்டின மட்டும் தள்ளி, அங்கிருந்து கல்லைப் பின்னால் இழுக்கும்போது விரல்களில் மொத்தப் பாரமும் இறங்குகிறது. கொஞ்ச நேரத்திலேயே முதலில் கத்துவது தோள் இல்லை, கால் பெருவிரலின் அடிமூட்டு. அப்புறம் முட்டி. அப்புறம் இடுப்புக்குச் சற்று மேலே முதுகுத்தண்டில் ஒரு இடம்.

வடக்கு சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் அபு ஹுரைரா என்று ஒரு கற்கால ஊர். அணை கட்டி அந்தப் பகுதியே தண்ணீருக்குள் போகப்போகிறது என்பதால் ஆண்ட்ரூ மூர் தலைமையில் 1972, 1973-ல் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த எலும்புகளைப் பல வருடம் ஆராய்ந்த தியா மோல்சன் கண்டது இதே மூன்று இடங்கள்தான்: பெருவிரல் மூட்டில் கடுமையான தேய்வு, முட்டியில் மண்டியிட்ட தடம், முதுகின் கீழ்ப்பகுதியில் முள்ளெலும்புச் சேதம். அதிலும் பெரும்பாலும் பெண்களின் எலும்புகளில். ஒரு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அரைகல்லைப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது, அது வெறும் கல்லாகத்தான் இருக்கும். எலும்பில் இருக்கும் குறிப்பும் என் விரல் வலியும் ஒரே இடத்தைக் காட்டியபோது கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை (எழுந்திருக்க முடியவும் இல்லை).

கை விஷயமும் உண்டு. 2017-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மத்திய ஐரோப்பாவின் ஆரம்பகால விவசாயப் பெண்களின் மேற்கை எலும்பை அந்தப் பல்கலைக்கழகத்துப் படகோட்ட வீராங்கனைகளின் எலும்போடு ஒப்பிட்டார்கள். வாரத்துக்கு எத்தனையோ மைல் துடுப்பு போடும் வீராங்கனைகளைவிட அந்தப் பழைய பெண்களின் மேற்கை எலும்பு 11 முதல் 16 சதவீதம் உறுதி. தானியம் அரைத்தது முக்கியமான காரணமாக இருக்கலாம், நாளுக்கு 5 மணி நேரம் வரைகூட அரைத்திருக்கலாம் என்பது அவர்கள் அனுமானம். உழவு, அறுவடை, மண்பானை எல்லாமே கைவேலைதான், எல்லாப் பழியையும் அரைகல்லின் மேலேயே போட முடியாது. ஆனாலும் ஒரு மணி நேரம் அரைத்து வந்த மாவை அளந்து பார்த்த பிறகு அந்த 5 மணி நேரம் எனக்கு மிகையாகப் படவில்லை. முதல் தள்ளில் குருணைதான் வரும். சலித்து, சல்லடையில் நின்றதை மறுபடி கல்லில் போட்டு, மறுபடி சலித்து என்று போனால் நல்ல மாவு மணிக்கு ஒரு கிலோவைத் தொடவே தொடாது, அதுவும் நான் கேவலமான அரைப்பாளன் என்பதைக் கழித்துக்கொண்டாலும். வீட்டில் ஐந்தாறு வாய் இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கிலும் உமி சேரவில்லை. செட்டின் பெரிய ஓட்டை இது. நான் போட்டது கடையில் வாங்கிய, உமி போன கோதுமை. புதிய கற்காலத்தில் அதிகம் விளைந்த ஐன்கார்ன், எம்மர் என்கிற பழைய கோதுமை வகைகளில் உமி மணியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், கதிரடித்தால் உதிராது. அதை முதலில் உரலில் போட்டு இடித்து, புடைத்து, பிறகுதான் அரைகல்லுக்குக் கொண்டுவர முடியும். அப்படியே நேராகக் கல்லில் போட்டால் உமியும் சேர்ந்து பொடியாகி மாவு தொண்டையைக் குத்தும். ஜோர்டான் பள்ளத்தாக்கில் ஹுசுக் மூசா என்ற இடத்தில் சுமார் 12,500 ஆண்டுகளுக்கு முன் பாறையிலேயே கூம்பாகக் குடைந்த உரல்கள் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அந்த உரல்களிலேயே பார்லியை இடித்து, குறுகலான குழி உமியை நீக்குவதற்குத் தோதாக இருப்பதைக் காட்டினார்கள். ஆக உரல், முறம், சல்லடை, அரைகல் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு சமையல்கட்டு. இந்தப் பட்டறை கடைசிப் பொருளை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டு ‘முழுமையான செட்’ என்கிறது.

கையேட்டின் வரலாற்றுப் பக்கத்துக்கு வருகிறேன். மனிதன் விவசாயம் கற்றான், தானியம் விளைந்தது, அரைப்பதற்குக் கல் கண்டுபிடித்தான், ரொட்டி சுட்டான் என்று படி ஏறுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். இந்த வரிசை எப்போதோ கவிழ்ந்துவிட்டது. கலிலேயக் கடலின் நீர்மட்டம் 1989-ல் இறங்கியபோது வெளியே வந்த ஒஹாலோ என்ற குடியிருப்பு சுமார் 23,000 ஆண்டுப் பழசு. அங்கே ஒரு கல்லின் துளைகளுக்குள் காட்டுப் பார்லி உள்ளிட்ட புல்விதைகளின் மாவுச்சத்துத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. விவசாயம் வர இன்னும் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது! இத்தாலியின் பாக்லிச்சி குகையில் கிடைத்த ஒரு கல் இன்னும் பழசு, சுமார் 32,000 ஆண்டு. அதில் காட்டு ஓட்ஸ், அதுவும் அரைப்பதற்கு முன் சூடு காட்டியதற்கான அடையாளத்தோடு. அதே இத்தாலியின் பிலான்சினோவில் சம்பங்கோரையின் கிழங்கை அரைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கே மஜெட்பெபே பாறைக் குடிலில் அரைகற்கள் 65,000 ஆண்டு வரைக்கும் போகின்றன, செங்காவியும் அரைத்திருக்கிறார்கள், விதைகளும் அரைத்திருக்கிறார்கள். ஜோர்டானின் ஷுபைக்கா என்ற இடத்தில் 14,000 ஆண்டுகளுக்கும் முந்தைய அடுப்பில் கருகிப்போன ரொட்டித் துணுக்குகளே கிடைத்துவிட்டன, அங்கேயும் வயல் என்று ஒன்று இல்லை. காட்டில் பறித்ததை அரைத்துச் சாப்பிடும் பழக்கம் முதலில் வந்தது, விதைத்து அறுப்பது அதற்கு ரொம்பப் பிற்பாடு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. டென்மார்க்கின் ஃபூன் தீவில் ஃப்ரிடென்லுண்ட் என்ற இடத்தில் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முந்தைய விவசாயக் குடியிருப்பு. கருகிய தானியமணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன, அரைகற்கள் 14 கிடைத்தன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட யாருக்கும் ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் கல்லை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் தானியம் அரைத்த தடயமே இல்லை, ஒட்டியிருந்தது காட்டுத் தாவரங்களின் துகள்கள். தானியத்தை அவர்கள் அரைக்காமல் கஞ்சியாகவோ களியாகவோ வேகவைத்திருக்கலாம் என்கிறார்கள். கல் இருந்தால் மாவு, மாவு இருந்தால் ரொட்டி என்று கையேட்டின் நடுப்பக்கத்தில் போட்டிருக்கும் அந்த அம்புக்குறிப் படத்தைக் கவிழ்க்க இந்த ஊர் ஒன்றே போதும்.

இப்படி எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் இந்தச் செட்டிலேயே கொஞ்சம் பார்த்துவிடலாம், கணினியில் சொருகும் யூஎஸ்பி நுண்ணோக்கி ஒன்று இருந்தால் போதும். கல்லில் நிறைய அரைத்த பிறகு ஒரு ஈரத்துணியால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மேடான இடங்களின் தலை மட்டும் மினுமினுக்கும், குழிகள் மங்கலாகவே இருக்கும். மினுமினுப்பின் மேல் மெல்லிய கீறல்கள், எல்லாம் கல்லின் நீளவாக்கில். அதாவது தள்ளி இழுத்த திசை அப்படியே பதிவாகியிருக்கிறது. வட்டமாகத் தேய்த்தால் கீறலும் வளைந்திருக்கும், இடித்தால் கீறலுக்குப் பதில் நசுங்கல் இருக்கும். துளைக்குள் ஊசியை விட்டால் துடைத்த பிறகும் வெள்ளையாக மாவு வருகிறது. எத்தனை ஆயிரம் ஆண்டு கழித்தும் மாவுச்சத்து மிஞ்சுகிறது என்று படித்தபோது நம்பக் கஷ்டமாக இருந்தது, என் கல்லைத் தேய்த்துக் கழுவ முயன்ற பிறகு அந்தச் சந்தேகம் போய்விட்டது. பழைய அகழாய்வுகளில் கல்லைக் கிடைத்த உடனே பிரஷ் போட்டுக் கழுவிவிடுவார்கள், கனமாக இருக்கிறது என்று பலவற்றை எண்ணிக்கை மட்டும் எழுதிக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டும் வருவார்கள். தங்கக் காதணிக்கு இருக்கிற மரியாதை அரைகல்லுக்கு இருந்ததில்லை. இப்போது நிலைமை பரவாயில்லை. துருக்கியின் கோபெக்லி தெபே என்ற கற்கால மேட்டில் கல்தூண்களைப் பார்த்துத்தான் உலகமே வாய் பிளந்தது, ஆனால் அந்த மேட்டில் 7,000-க்கும் மேற்பட்ட அரைக்கும் கருவிகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றின் தேய்மானத்தை ஆராய்ந்தவர்கள் இது பெருங்கூட்டத்துக்குச் சமைத்த இடமாக இருக்கலாம் என்கிறார்கள். தூணை நட்டவர்களுக்கும் சோறு வேண்டுமே.

கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்தபோதுதான் எரிச்சல் வந்தது. ‘இயற்கையோடு இயைந்த, ஆரோக்கியமான, நிதானமான வாழ்க்கையின் அடையாளம் இந்தக் கல்’ என்று எழுதி, பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு பெண் அரைக்கிற படம். யார் அரைத்தார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அபு ஹுரைராவின் எலும்பு அதைச் சொல்கிறது. எகிப்தியக் கல்லறைகளில் வைத்த பொம்மைகளில் கல்லின் முன் மண்டியிட்டிருப்பது எஜமானி இல்லை, வேலைக்காரி. எரிமலையில் புதைந்துபோன ரோமர் நகரமான பொம்பெய்யில் 2023-ல் வெளியே எடுத்த ஒரு ரொட்டிக்கூடத்தில் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, கழுதைகள் சுற்றிச் சுற்றி வருவதற்குத் தரையில் குழிகள், மனிதர்களும் கழுதைகளும் ஒன்றாகவே அடைபட்டிருந்த நெருக்கடியான இடம். ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால் அது யார் தலையில் கட்டப்பட்டது என்று பார்த்தால் போதும்.

அதே சமயம் இந்தக் கல் கையில் இருப்பவருக்கு ஒரு பலமும் இருந்தது, கல்லைப் பறித்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஒருவனுடைய அரைகல்லை அடகாக வாங்கக் கூடாது, அது அவன் உயிரையே அடகு வாங்குவது என்று பழைய எபிரேயச் சட்டம் சொல்கிறது. இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடம், தன் ஆலையில்தான் எல்லோரும் கூலி கொடுத்து அரைக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வீட்டில் வைத்திருந்த திருகைக் கற்களை 1330 வாக்கில் பறிமுதல் செய்தது. சும்மா பறிக்கவில்லை, அந்தக் கற்களை மடத்தின் ஒரு அறையில் தளமாகப் பதித்துவிட்டார்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் மிதித்துப் போகட்டும் என்று. 1381-ல் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தபோது ஊர்க்காரர்கள் உள்ளே புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்து, கல்லை உடைத்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஐம்பது வருடக் கோபம். இதில் கால்வாசியாவது கையேட்டில் வந்திருந்தால் அந்தச் சிரித்த முகப் படத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

இதே பட்டறை திருகையும் விற்கிறது: மேலே ஒரு வட்டக் கல், கீழே ஒன்று, நடுவில் குழி, ஓரத்தில் கைப்பிடி. அவர்கள் காட்சிக்கூடத்தில் கொஞ்சம் சுற்றிப் பார்த்தேன். உட்கார்ந்தபடி சுற்றலாம், கால்விரல் பிழைக்கும், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தும் சுற்றலாம். தள்ளி இழுக்கும் கல்லில் பின்னால் இழுக்கிற ஓட்டம் பாதி வீண், சுற்றுகிற கல்லில் வீணே இல்லை. ஐபீரியத் தீபகற்பத்தில் (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல்) கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் இது தென்படத் தொடங்குகிறது, அதாவது மனித இனம் அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டு பெரும்பாலும் மண்டியிட்டுத்தான் அரைத்திருக்கிறது. அதற்குப் பின் சீக்கிரமே ரோமப் படைவீரர்கள் ஒரு கூடாரத்துக்கு ஒன்று என்று திருகையைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள். வசதிக்காக வாங்குபவர்கள் திருகையைப் பாருங்கள். ஆனால் உடம்பில் ஒன்று புரிய வேண்டும் என்றால் சேணக் கல்தான்.

ஆக என் மதிப்பெண்: கல்லுக்கு 5-க்கு 4½, அந்த அரையைக் கழித்தது வழவழப்புக்காக. கொத்துகல் நல்ல கடினமான கல், விளிம்பு உதிரவில்லை, 5. கையேட்டுக்கு 1, அதுவும் அளவுகள் சரியாக இருக்கின்றன என்பதற்காக. பள்ளிக்கூடங்களுக்கும் சிறு அருங்காட்சியகங்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன், கையேட்டை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். முட்டியிலோ முதுகிலோ ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்கள் தவிர்த்துவிடுவது நல்லது. அடியில் தடிமனான சாக்கு விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கல் நகர்ந்துகொண்டே இருக்கும், தரையும் கெடும். மாவு விழுவதற்கு முன்பக்கம் ஒரு துணி தனியாக வேண்டும். ஈரம் காயாமல் மூடி வைத்தால் துளைக்குள் பூஞ்சை வந்துவிடுகிறது, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.

வழவழப்பைப் பற்றிப் பட்டறைக்கு எழுதிக் கேட்டேன். அருங்காட்சியகங்களுக்கு அனுப்பும்போது கையால் கொத்தித்தான் அனுப்புகிறார்களாம், வீட்டுக்கு வாங்குபவர்கள் சொரசொரப்பாக இருந்தால் ‘பழைய கல்லை அனுப்பிவிட்டீர்கள்’ என்று திருப்பி அனுப்புகிறார்களாம். ஆர்டர் போடும்போதே ‘கொத்தியது’ என்று குறிப்பில் எழுதிவிட்டால் கொத்தியே அனுப்புவார்கள், ஒரு வாரம் தாமதமாகும், கூடுதல் கட்டணம் கிடையாது. அப்படியே கேட்டு வாங்குங்கள்.